பெட்டி வரவில்லை, யாரைக் கேட்பது?

வாசகர் கேள்வி – பதில்: விமானப் பயணம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விமானப் பயணத் தொல்லைகள் பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். கடிதங்களில் இருந்த நிறுவனப் பெயர்களை எடுத்துவிட்டோம்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சி வந்து இறங்கினேன். இரண்டு பெட்டியில் ஒன்றுதான் வந்தது. கவுன்ட்டரில் இருந்தவர், "நாளைக்கு வந்துடும் சார், நாங்களே போன் பண்றோம்" என்று என் நம்பரைக் குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார். ஐந்து நாளாகிறது. இப்போது கேட்டால், "உங்க பேர்ல புகாரே இல்லையே" என்கிறார்கள்.
– ஒரு வாசகர், புதுக்கோட்டை

நம்பரைக் குறித்துக்கொள்வது புகார் ஆகாது. பெட்டி வராத அன்று நீங்கள் கையில் வாங்கியிருக்க வேண்டியது பி.ஐ.ஆர். என்று ஊழியர்கள் சொல்லும் அறிக்கையின் பிரதி. அதில் பத்து இடம் கொண்ட ஒரு குறியீடு இருக்கும். முதல் மூன்று எழுத்து விமான நிலையம் (திருச்சிக்கு டி.ஆர்.இசட்.), அடுத்த இரண்டும் நிறுவனத்தின் குறி, கடைசி ஐந்து இலக்கம் உங்கள் புகாரின் வரிசை எண். அந்த எண் விழுந்தால்தான் பெட்டி 'வேர்ல்டுட்ரேசர்' என்ற உலகளாவிய தேடல் கணினியில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். வேறு ஏதோ ஓர் ஊரில் கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டியும் உங்கள் புகாரும் அதில்தான் சந்திக்கின்றன.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இன்றைக்கே மின்னஞ்சலில் எழுதுங்கள். போர்டிங் பாஸ், அதன் பின்னால் ஒட்டித் தந்த லக்கேஜ் சீட்டு இரண்டையும் படமெடுத்து இணையுங்கள். அந்தச் சீட்டில் உள்ள பத்து இலக்க எண்தான் உங்கள் பெட்டியின் ஜாதகம்: முதல் இலக்கத்தை விட்டு அடுத்த மூன்றும் நிறுவனத்தைச் சொல்லும், கடைசி ஆறும் பெட்டியைச் சொல்லும். பெட்டியின் நிறம், துணியா பிளாஸ்டிக்கா, எத்தனை சக்கரம், உள்ளே மேலாக இருக்கும் மூன்று நான்கு பொருள்கள் ஆகியவற்றையும் எழுதுங்கள். 'கறுப்புப் பெட்டி, உள்ளே துணிமணி' என்று எழுதினால் உலகத்தில் பாதிப் பெட்டி அதற்குப் பொருந்தும். 'உள்ளே பச்சை மூடி போட்ட எவர்சில்வர் டப்பா, மைலோ பாக்கெட் ஆறு' என்றால் திறந்து பார்ப்பவருக்கு உடனே தெரியும்.

அடுத்து நாள் கணக்கு. வெளிநாட்டுப் பயணத்துக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. பெட்டி உடைந்து வந்தால் கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்தால், பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள். வர வேண்டிய நாள் தாண்டி 21 நாளாகியும் வரவில்லை என்றால் அதைத் தொலைந்த பெட்டியாகவே நடத்தி நஷ்டஈடு கேட்கலாம். வழக்கு என்று போனால் 2 ஆண்டு வரம்பு. நஷ்டஈட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு இது. நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். ஆனால் அது கூரைதான். பெட்டி போனது என்றவுடன் யாரும் அந்தத் தொகையை எண்ணித் தரமாட்டார்கள். உள்ளே இருந்ததற்குப் பட்டியலும், முடிந்தவரை பில்லும் கேட்பார்கள். உள்நாட்டுப் பயணத்தில் கூரை 20,000 ரூபாய்தான். நகையையும் லேப்டாப்பையும் பெட்டியில் போடாதீர்கள் என்று ஊரே சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பெட்டி வரும்வரை வாங்கிய மாற்றுத்துணி, பற்பசை, மருந்து இவற்றின் பில்களை வைத்திருங்கள். நியாயமான செலவைக் கேட்க உரிமை உண்டு.

பலருக்கும் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். வராத பெட்டியில் வரியில்லாச் சலுகைக்குள் அடங்கும் பொருள்கள் இருந்தால், நிறுவனத்திடம் பெட்டி வரவில்லை என்ற சான்றிதழை வாங்கி, வெளியே வரும் முன் சுங்க அதிகாரியிடம் மறுகையெழுத்து பெற வேண்டும். பயன்படுத்தாமல் மிச்சமிருக்கும் சலுகை எவ்வளவு என்று அவர் அதில் குறித்துத் தருவார். அது இல்லையென்றால், பெட்டி தனியாக வரும்போது சலுகையை நிரூபிக்க நாயாய் அலைய வேண்டிவரும்.

பெட்டி ஏன் தவறுகிறது என்றால், இணைப்பு விமானத்துக்கு நேரம் போதாததும், டேக் கிழிந்துபோவதும்தான் பெரும்பாலும் காரணம். போன பயணத்து டேக்கையும், பக்கவாட்டில் ஒட்டிய குட்டி பார்கோடு துண்டுகளையும் உரித்துவிட்டுப் போங்கள். ஸ்கேனருக்குப் பழசு புதுசு தெரியாது. பெயரும் போன் நம்பரும் எழுதிய தாள் ஒன்றைப் பெட்டிக்கு உள்ளே, துணிக்கு மேலே வையுங்கள்.

சென்னை–டெல்லி விமானம் நாலு மணி நேரம் தாமதம். 'தொழில்நுட்பக் காரணம்' என்றார்கள். கேட்டதற்கு ஒரு தண்ணீர் பாட்டில் தந்தார்கள். நமக்கு என்னதான் உரிமை?
– ஒரு வாசகி, தாம்பரம்

உங்களுக்குச் சாப்பாடு தந்திருக்க வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் விதியில் (சி.ஏ.ஆர். பிரிவு 3, தொடர் எம், பகுதி 4) கணக்கு இப்படி: பயண நேரம் இரண்டரை மணி வரை உள்ள விமானம் 2 மணி நேரம் தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும், இரண்டரையிலிருந்து 5 மணி வரை உள்ளதற்கு 3 மணி நேரத் தாமதம், அதற்கும் மேற்பட்டதற்கு 4 மணி நேரம். சென்னை–மதுரை முதல் வகை. சென்னை–டெல்லி இரண்டாவது வகை. ஆக, மூன்று மணி நேரத்தைத் தாண்டியவுடன் கூப்பன் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். நீங்கள் நேரத்துக்குச் செக்-இன் செய்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால், 6 மணி நேரத்துக்குள் வேறு விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் எது வேண்டும் என்று கேட்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. 24 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் ஓட்டல் அறை. இரவு 8 மணியிலிருந்து விடிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானமாக இருந்தால், 6 மணி நேரத்தைத் தாண்டினாலே அறை தர வேண்டும்.

தாமதத்துக்கென்று ரொக்க நஷ்டஈடு இந்திய விதியில் கிடையாது. ரத்துக்குத்தான் உண்டு. முறையாக முன்கூட்டியே சொல்லாமல் ரத்து செய்தால், பயண நேரம் 1 மணி வரை என்றால் 5,000 ரூபாய், 2 மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது.

நிறுவனத்தின் கைமீறிய காரணமாக இருந்தால் இந்த நஷ்டஈடு கிடையாது. வானிலை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு, பாதுகாப்பு அச்சுறுத்தல், வேலைநிறுத்தம், அரசு உத்தரவு போன்றவை விதியிலேயே இருக்கின்றன. சாதாரணத் தொழில்நுட்பக் கோளாறு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. அதனால்தான் முதலில் 'தொழில்நுட்பக் காரணம்' என்று சொன்னவர்கள், பணம் கேட்டு எழுதியதும் 'மோசமான வானிலை' என்று மாற்றிப் பேசுவதுண்டு. கவுன்ட்டரில் நிற்கும்போதே காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அறிவிப்புப் பலகையையும் வந்த குறுஞ்செய்தியையும் நேரம் தெரியும்படி படமெடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஓட்டை, டிக்கெட்டில் கொடுத்த போன் நம்பர். டிராவல்ஸ்காரர் தன் நம்பரைப் போட்டு டிக்கெட் எடுத்திருந்தால், ரத்துச் செய்தி அவருக்குப் போகும், அவர் தூங்கிக்கொண்டிருப்பார். பயணி சரியான தொடர்பு விவரம் தரவில்லை என்றால் நஷ்டஈடு கிடையாது என்று விதி சொல்கிறது. டிக்கெட் வந்தவுடன் நிறுவனத்தின் செயலியில் பி.என்.ஆர். போட்டுப் பார்த்து, உங்கள் நம்பரைச் சேர்த்துவிடுங்கள்.

புகாருக்கு முதல் படி நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரி, அடுத்தது அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. இருவர் பெயரும் முகவரியும் அவர்கள் இணையதளத்தில் இருக்க வேண்டும். அதன் பிறகு விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளம். நுகர்வோர் உதவி எண் 1915. வழக்கு போடுவதென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. தந்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் கிடையாது.

ஏறி உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, ஒன்றரை மணி நேரம் ஓடுதளத்து ஓரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். ஒரே புழுக்கம். இறங்கவும் விடவில்லை.
– ஒரு வாசகர், ஓசூர்

முன்பெல்லாம் ஏறியவரை இறக்கினால் வருகைப் பகுதி வழியாக வெளியே போய் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்; அந்தத் தலைவலிக்குப் பயந்தே இறக்கமாட்டார்கள். 2024 மார்ச் 30-இல் விமானப் பாதுகாப்புப் பணியகமான பி.சி.ஏ.எஸ். இதைத் தளர்த்தியது. நீண்ட தாமதம் என்றால் புறப்பாட்டு வாயில் வழியாகவே நிலையத்துக்குள் திரும்பலாம். மறுபடி ஏறும்போது சோதனை உண்டு. ஆனால் முடிவெடுப்பது பயணி அல்ல, நிறுவனமும் பாதுகாப்பு அமைப்புகளும்தான்.

புழுக்கத்துக்குக் காரணம், பெரிய இன்ஜின்கள் ஓடாதபோது குளிர்காற்று வாலில் இருக்கும் சிறு இன்ஜினிலிருந்தோ தரையிலிருந்து வரும் குழாயிலிருந்தோதான் வர வேண்டும். சித்திரை வெயிலில் 180 பேர் மூச்சுக்கு அது போதாது. வெயில் படும் பக்கத்து ஜன்னல் மறைப்புகளை எல்லோரும் இறக்கி, தலைக்கு மேலுள்ள காற்றுத் திருகை முழுதாகத் திறந்தால் கொஞ்சம் தாங்கலாம். யாருக்காவது மயக்கம், நெஞ்சு படபடப்பு என்றால் பொத்தானை அழுத்தி 'உடல்நிலைப் பிரச்சினை' என்று தெளிவாகச் சொல்லுங்கள். 'புழுக்கமா இருக்கு' என்பதைவிட அந்த வார்த்தைக்கு வேகம் அதிகம்.

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும்போது, 7 கிலோவுக்குள்தான் என்றாலும் என் டிராலியை ஏணிப்படியிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். டெல்லி விமானத்தில் அதே பெட்டியை விட்டார்களே?
– ஒரு வாசகர், திருச்செந்தூர்

எடை விஷயமே இல்லை, இடம்தான். தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்குப் பெரும்பாலும் ஓடுவது இரட்டை விசிறி வைத்த ஏ.டி.ஆர். 72 என்ற சிறிய விமானம். அதில் தலைக்கு மேலுள்ள அறை ஆழம் குறைவு. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி குறுக்கே போகாது. துணிப்பை என்றால் அமுங்கி உள்ளே போய்விடும். இந்த விமானத்துக்கு முதுகுப்பைதான் உத்தமம். இன்னொன்று: ஏ.டி.ஆரில் பயணிகள் வாசல் பின்னால், சரக்கு அறை முன்னால். காசு கொடுத்து முதல் வரிசையை வாங்கினால் கடைசியில்தான் இறங்குவீர்கள்.

பெட்டியைப் படிக்கட்டில் வாங்கிக்கொண்டால், கொடுக்கும் முன் பவர் பேங்கை வெளியே எடுத்துவிடுங்கள். தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரி சரக்கு அறைக்குப் போகக் கூடாது. மேலே எரிந்தால் ஊழியர் உடனே பார்த்து அணைப்பார், கீழே எரிந்தால் யாருக்குத் தெரியும்? 100 வாட்-மணி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் அனுமதியுடன் இரண்டு. அதற்கு மேல் கூடவே கூடாது. பவர் பேங்கில் மில்லி ஆம்பியர்-மணி (mAh) மட்டும் போட்டிருந்தால் 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுங்கள். 20,000 என்றால் 74 வாட்-மணி, தாராளம். 30,000 என்றால் 111, அனுமதி கேட்க வேண்டும். அச்சு அழிந்துபோன பவர் பேங்கைச் சோதனையில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதலும், எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதலும், பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே தடை போட்டுவிட்டன. எமிரேட்ஸில் ஆளுக்கு ஒன்றுதான் எடுத்துச்செல்லலாம்.

ஊறுகாயும் நல்லெண்ணெயும் எவ்வளவு கட்டினாலும் பெட்டிக்குள் ஒழுகிவிடுகிறது. இருமுடித் தேங்காயைக் கொண்டுபோகலாமா என்பதையும் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, காரைக்குடி

மூடி சரியில்லை என்று நினைத்து மூடியை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். குற்றம் உள்ளே இருக்கும் காற்றின் மேல். பறக்கும்போது பயணிகள் அறையிலும் பெட்டி இருக்கும் அறையிலும் காற்றழுத்தம் சுமார் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலக் குறைந்துவிடும், ஊட்டியைவிட உயரம். பாட்டிலுக்குள் நாம் விட்டுவைத்த காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். பாட்டில் நிமிர்ந்து நின்றால் காற்று மட்டும் கசியும். படுத்துக் கிடந்தால் மூடியை ஒட்டி இருப்பது எண்ணெய், அதைக் காற்று பின்னாலிருந்து தள்ளும். பெட்டி பயணம் முழுக்க நிமிர்ந்தா நிற்கப் போகிறது?

ஆகவே காற்றைக் குறையுங்கள். எண்ணெய்க்குக் கண்ணாடி வேண்டாம், மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் போதும். முக்கால்வாசி ஊற்றி, இரு பக்கமும் அமுக்கி, எண்ணெய் கழுத்து வரை ஏறியபின் அமுக்கிய நிலையிலேயே மூடியைத் திருகுங்கள். மேலே போனதும் ஒட்டிய பாட்டில் உப்பிக்கொள்ள இடமிருக்கும், ஒழுகாது. ஊறுகாயைக் கெட்டியாக அள்ளி, எண்ணெயை வடித்துவிட்டு, கனமான பிளாஸ்டிக் பையில் காற்றைப் பிதுக்கி எடுத்து ஒட்டுங்கள். வடித்த எண்ணெய்க்குத் தனிப் பாட்டில். ஊர் போய்க் கலந்துகொள்ளலாம். இரண்டையும் இன்னொரு ஜிப் பையில் போட்டு, சுற்றிப் பழைய டவல், அதைப் பெட்டியின் நடுவில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் பெட்டியைத் தூக்கிப் போடுகிற அடி முழுக்க அதன் மேல்தான். வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் கூடாது. ஊறுகாய், நெய், தொக்கு எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். அமெரிக்கா போகிறவர்கள் பச்சைக் கறிவேப்பிலையைக் கட்டவே வேண்டாம். எலுமிச்சை இனத்து நோய்க்குப் பயந்து அங்கே தடை.

தேங்காய் விஷயம்: கொப்பரையைக் கைப்பையிலும் பெட்டியிலும் வைக்கக் கூடாது. எண்ணெய்ப் பசையும் ஈரமும் சேர்ந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் என்று ஐ.நா. பட்டியலில் 1363 என்ற எண்ணோடு இருக்கிறது. இருமுடியின் நெய்த் தேங்காய்க்கு 2024 அக்டோபரில் பி.சி.ஏ.எஸ். விலக்கு தந்து, 2025 ஜனவரி 20 வரை கையோடு கொண்டுபோக அனுமதித்தது. எக்ஸ்ரே, வெடிபொருள் சோதனை, கையால் சோதனை மூன்றும் உண்டு. இது சீசனுக்குச் சீசன் அறிவிக்கும் விலக்கு. மாலை போட்டவுடன் அந்த ஆண்டு அறிவிப்பு வந்துவிட்டதா என்று நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

பாரிஸிலிருந்து தோஹா வழியாகக் கொழும்பு. முதல் விமானம் பிந்தியதால் தோஹாவில் அடுத்ததைத் தவறவிட்டோம். கொழும்புக்கு ஒன்பது மணித்தியாலம் பிந்திப் போனோம். ஐரோப்பிய நிறுவனம் இல்லை என்பதால் காசு கிடைக்காது என்று சொல்கிறார்கள், உண்மையா?
– ஒரு வாசகர், லா சப்பல், பாரிஸ்

உண்மை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி, ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த நாட்டு நிறுவனத்துக்கும் பொருந்தும். இரண்டு விமானமும் ஒரே பதிவில் இருந்தால், கணக்குப் பார்ப்பது தோஹாவில் எவ்வளவு பிந்தியது என்று அல்ல, கொழும்பில் எவ்வளவு பிந்தி இறங்கினீர்கள் என்று. 3 மணித்தியாலத்துக்கு மேல் போனால் தொகை உண்டு. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்கு ஆளுக்கு 600 யூரோ. மடியில் இருந்த குழந்தைக்கும் கட்டணம் வாங்கியிருந்தால் அதற்கும் சேர்த்துக் கேளுங்கள். சாதாரண இயந்திரக் கோளாறைக் காரணம் காட்டித் தப்ப முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. பனி, புயல் என்றால் காசு இல்லை. ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் அப்போதும் தர வேண்டும்.

திரும்பி வரும்போது கொழும்பு–தோஹா–பாரிஸ், அதே வளைகுடா நிறுவனம் என்றால் இந்த விதி பொருந்தாது. ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் வரும் வழிக்கும் உண்டு. நிறுவனத்தின் இணையப் படிவத்தில் நீங்களே எழுதலாம்; கால்பங்கைக் கமிஷனாக எடுக்கும் இடைத்தரகர்களிடம் உடனே ஓட வேண்டாம்.

72 வயது அம்மா தனியாகச் சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் வழியாகச் சிகாகோ போய், அங்கிருந்து டாலஸ் போகிறார். ஆங்கிலம் தெரியாது. வீல்சேர் கேட்டால் போதுமா?
– ஒரு வாசகி, அண்ணாநகர்

கேட்டால் போதாது, எந்த வகை என்று சொல்லிக் கேட்க வேண்டும். மூன்று குறியீடு உண்டு. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறுவார், தூரம் நடக்க முடியாது. எஸ். என்று முடிந்தால் படியும் ஏற முடியாது. சி. என்று முடிந்தால் இருக்கை வரை தூக்கிவிட வேண்டும். படி ஏற முடியாத அம்மாவுக்கு 'ஆர்' போட்டுவிட்டால், பேருந்தில் கொண்டுபோய் ஏணி அடியில் இறக்கிவிட்டுவிடுவார்கள். பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே சொல்லி, மூன்று விமானத்துக்கும் குறியீடு ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் விமானத்துக்கு மட்டும் ஏறி, மற்ற இரண்டிலும் விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. இதற்குக் கட்டணம் கிடையாது.

வீல்சேர் பயணிகள் கடைசியாகத்தான் இறங்குவார்கள். தள்ளுபவர் வர இன்னும் நேரமாகும். அதனால் பிராங்க்பர்ட்டில் இரண்டு மணி நேர இடைவெளி காகிதத்தில் போதும் போலத் தெரிந்தாலும் மூன்றுக்குக் குறையாமல் எடுங்கள். சிகாகோவில் அதைவிடக் கூடுதலாக வேண்டும். காரணம், அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடி போட வேண்டும். சென்னையில் 'டாலஸ் வரை டேக் போட்டாச்சு' என்று சொன்னாலும் இது உண்டு. பெட்டியை அம்மா அடையாளம் காட்டினால்தான் தள்ளுபவர் எடுப்பார். கைப்பிடியில் பழைய புடவைக் கிழிசல் ஒன்றைக் கட்டிவிடுங்கள், கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவே தூரத்திலேயே தெரியும்.

ஒரு தாளில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்: பெயர், தமிழ் மட்டும் பேசுவார், மூன்று விமான எண்கள், போய்ச் சேரும் வீட்டு முகவரி, மகன் அல்லது மகளின் போன், சாப்பிடும் மருந்துகள், சைவமா அசைவமா. கீழே தமிழில் அம்மாவுக்காக: 'கழிவறை போக வேண்டும்', 'மருந்து சாப்பிடத் தண்ணீர்' என்று எழுதி எதிரே ஆங்கிலம். விரலால் காட்டினால் போதும். மாத்திரை முழுவதும் கைப்பையில், மருந்துச் சீட்டோடு. பாஸ்போர்ட்டைத் தள்ளுபவர் கேட்டால் காட்டிவிட்டு உடனே திரும்ப வாங்கிக் கழுத்துப் பையில் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஆள் மாறும். இருக்கை, நடைபாதை ஓரமாக, கழிவறைக்கு இரண்டு மூன்று வரிசை தள்ளி.

இறங்கும்போது நாலு வயதுப் பையன் காதைப் பிடித்துக்கொண்டு அலறுகிறான். ஏறும்போது ஒன்றுமில்லை.
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

நடுக்காதிலிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. ஏறும்போது உள்ளே உள்ள காற்று தானாக வெளியே வந்துவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். அப்போது குழாய் ஒட்டிக்கொள்ளும், விழுங்கினால்தான் திறக்கும். சளி இருந்தால் அதுவும் திறக்காது. குழந்தைகளுக்குக் குழாய் குறுகல், அதனால் வலி அதிகம்.

பலர் செய்யும் தவறு, சக்கரம் இறங்கும் சத்தம் கேட்டபின் பாலைக் கொடுப்பது. இறக்கம் தொடங்குவது தரை தொடுவதற்கு 25, 30 நிமிடம் முன்பே. அப்போதே எழுப்பிவிடுங்கள், தூங்கும் குழந்தை விழுங்காது. ஸ்ட்ரா போட்ட ஜூஸைச் சிறிது சிறிதாக அரை மணி நேரத்துக்கு நீட்டிக் கொடுங்கள். கைக்குழந்தை என்றால் தாய்ப்பால். பெரியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எச்சில் விழுங்கலாம். பொத்திக்கொண்டு பலமாக ஊத வேண்டாம். சளி பிடித்திருக்கும்போது போயே ஆக வேண்டுமென்றால், மூக்குச் சொட்டு பற்றிப் பையனின் டாக்டரிடம் முன்பே கேளுங்கள். சுடுதண்ணீரில் நனைத்த பஞ்சைக் கப்பில் போட்டுக் காதில் கவிழ்க்கும் வித்தை வேண்டவே வேண்டாம். விமானம் குலுங்கினால் காது வெந்துவிடும்.

டிக்கெட் கையில் இருந்தும் 'ஓவர்புக்கிங்' என்று ஏற்றவில்லை. அடுத்த நாள் காலையில் அனுப்பினார்கள். ஒரு மன்னிப்போடு முடிந்ததா?
– ஒரு வாசகர், மதுரை

முடியவில்லை. முதலில் யார் விட்டுக்கொடுக்கத் தயார் என்று கேட்டிருக்க வேண்டும். உங்கள் விருப்பத்துக்கு மாறாக நிறுத்தினால், 1 மணி நேரத்துக்குள் வேறு விமானம் தந்தால் மட்டும் நஷ்டஈடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்த்து அதன் இரண்டு மடங்கு, உச்சம் 10,000 ரூபாய். அதற்கும் பிந்தினால் நான்கு மடங்கு, உச்சம் 20,000. உங்களுடையது இரண்டு மடங்கு வகை. ஆனால் நேரத்தோடு வாயிலுக்கு வந்ததற்குச் சாட்சி வேண்டும். உள்நாட்டு விமானங்களில் கவுன்ட்டர் பெரும்பாலும் 60 நிமிடத்துக்கு முன்பும் வாயில் 25 நிமிடத்துக்கு முன்பும் மூடிவிடும். 'லேட்டா வந்தீங்க' என்பதுதான் அவர்களின் முதல் பதில். சென்னையில் உள்நாட்டுப் புறப்பாட்டுக்கே டி1, டி4 என்று இரண்டு முனையம் இருப்பதால், தப்பான வாசலில் இறங்கி இருபது நிமிடத்தைத் தொலைப்பவர்கள் உண்டு.

குழந்தைக்கு ஒரு மூலை, எங்களுக்கு ஒரு மூலை என்று இருக்கை போட்டுவிட்டு, சேர்த்து உட்காரத் தனிக் காசு கேட்கிறார்கள்.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

12 வயது வரை உள்ள பிள்ளைக்கு, அதே பி.என்.ஆரில் வரும் தாய் தந்தையில் ஒருவர் பக்கத்திலாவது இருக்கை தர வேண்டும் என்று டி.ஜி.சி.ஏ. 2024 ஏப்ரலில் சொல்லிவிட்டது. 'ஒருவர்' என்பதைக் கவனியுங்கள். குடும்பம் முழுக்க ஒரே வரிசை என்பது இல்லை. பிள்ளைக்குத் தனி பி.என்.ஆரில் டிக்கெட் எடுத்தால் இதுவும் கிடைக்காது.

போக முடியவில்லை. டிக்கெட் 'நான்-ரீஃபண்டபிள்'. மொத்தமும் போய்விட்டதா?
– ஒரு வாசகி, வேலூர்

வரிகளும் பயனர் மேம்பாட்டுக் கட்டணம் போன்ற விமான நிலையக் கட்டணங்களும் திரும்ப வர வேண்டும். பயணமே செய்யாதவரிடம் அதை வைத்துக்கொள்ள முடியாது. ரத்துக் கட்டணமும் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது. 'கன்வீனியன்ஸ் ஃபீ' மட்டும் போனதுதான். ஏஜென்ட் 'ஏர்லைன்ல கேளுங்க' என்றால், விதிப்படி பணத்தைத் திருப்பும் பொறுப்பு நிறுவனத்துடையதே என்று நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

இறங்கி முக்கால் மணி நேரமாகியும் பெல்ட் சுற்றவே இல்லை. இதற்கும் விதி உண்டா?
– ஒரு வாசகர், பெங்களூரு

உண்டு. 2024 பிப்ரவரியில் பி.சி.ஏ.எஸ். ஏழு நிறுவனங்களுக்கு எழுதியது: இன்ஜின் நின்ற 10 நிமிடத்தில் முதல் பெட்டி, 30 நிமிடத்துக்குள் கடைசிப் பெட்டி. பெல்ட் எண்ணையும் நேரத்தையும் காட்டும் பலகையைப் படமெடுத்து ஏர்சேவாவில் போடுங்கள்.

முன்சீட்டுக்காரர் சாய்ந்தால் என் முழங்கால் நசுங்குகிறது. சாய்வது அவர் உரிமையா?
– ஒரு வாசகர், ஈரோடு

பொத்தான் இருக்கிறது, சாய்கிறார். உங்கள் வரிசைக்கும் அவர் வரிசைக்கும் நடுவே 28 முதல் 30 அங்குலம்தான். அதில் இருக்கையின் தடிமனும் அடக்கம். சாப்பாடு வரும்போதும், ஏறும்போதும் இறங்கும்போதும் நிமிர்த்தியே ஆக வேண்டும், அதை ஊழியரிடம் சொல்லி நிமிர்த்த வைக்கலாம். மற்ற நேரத்தில் 'கொஞ்சம் பாதி சாயுங்க' என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கேட்பார்கள். கால் நீளமானவர் என்றால் அவசர வழி வரிசையை வாங்குங்கள். அவசர வழி இரண்டு வரிசையாக இருந்தால் பின் வரிசையைப் பாருங்கள்: முன்னால் இருப்பவர் இருக்கை சாயாது.